பாருஸ் வட்டம், சுமத்ரா: கல்வெட்டைத் தாண்டி அங்கே என்ன இருக்கிறது?

நெய்தல்நிலவன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. சுமத்ராவின் பாருஸ் பகுதியில் கண்டெடுத்த லோபு துவா தமிழ்க் கல்வெட்டைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் தேடிப் படித்துவிட்டேன். 1088இல் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வந்தார்கள், கல் நட்டார்கள், அதோடு முடிந்தது என்றுதான் எல்லாப் பதிவும் நிற்கிறது. அதற்குப் பிறகும் 900 ஆண்டுகளுக்கு மேல் அங்கே மனிதர்கள் வாழ்ந்துகொண்டுதானே இருக்கிறார்கள்?

அடுத்த ஆண்டு வட சுமத்ரா போகிறேன். பாருஸ் ஒரு ஊரா, வட்டமா? அதில் எந்தெந்தக் கிராமங்கள்? யார் இருக்கிறார்கள், என்ன பேசுகிறார்கள்? உடம்புக்கு முடியவில்லை என்றால் எங்கே போவார்கள்? பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ராஜகேசரி எழுதியது:

நல்ல இழை. ஒன்றை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். 1025இல் ராஜேந்திர சோழன் கடாரம் கொண்டபோதே பாருஸும் சோழர் கைக்கு வந்துவிட்டது. அந்தக் கல்வெட்டு சோழ ஆட்சியின் சான்று. அங்கே போகிறவர்கள் நம் முன்னோர் ஆண்ட மண்ணில் நிற்கிறோம் என்ற நினைப்போடு போக வேண்டும்.

கல்வெட்டுப்பித்தன் எழுதியது:

ராஜகேசரி தம்பி, இதை இப்படியே விட முடியாது. புதிதாகப் படிக்க வருகிறவர்கள் இதைத்தான் எடுத்துக்கொண்டு போவார்கள்.

ராஜேந்திரன் வென்ற இடங்களைத் தஞ்சைக் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் என்று போகும் அந்தப் பட்டியலில் பாருஸ் இல்லை. சுமத்ராவின் மேற்குக் கரையில் இருந்த ஒரு பெரிய துறைமுகத்தை வென்றிருந்தால் மெய்க்கீர்த்தி எழுதியவர் விட்டிருக்க மாட்டார்.

அடுத்தது லோபு துவா கல். அதில் எந்த அரசன் பெயரும் இல்லை. நம் ஊர்க் கல்வெட்டு என்றால் "கோப்பரகேசரி பன்மர்க்கு யாண்டு இத்தனையாவது" என்று தொடங்கும். இங்கே அப்படி இல்லை. சக ஆண்டு 1010 (கி.பி. 1088), மாசித் திங்கள் என்று மட்டும்தான். தமிழகத்தில் அப்போது முதற் குலோத்துங்கன் ஆட்சி. இவர்கள் அவனைக் குறிப்பிடவே இல்லை. பேசுகிறவர்கள் "திசையாயிரத்து ஐந்நூற்றுவர்" என்ற வணிகக் குழுவினர். வாரோசில் (பாருஸின் பழைய தமிழ்ப் பெயர்) உள்ள வேளாபுரத்தில் கூடி, தங்கள் மகனாராகிய நகர சேனாபதி நாட்டுச் செட்டியார் உள்ளிட்டவர்களுக்கு ஓர் உரிமையை எழுதிக் கொடுக்கிறார்கள். வரும் மரக்கலத்தின் தலைவனும் கூட வருகிறவர்களும் கஸ்தூரி விலையைக் கணக்காக வைத்துப் பொன் கட்ட வேண்டும்; கட்டிய பிறகுதான் விரித்த பாவாடை (நடைவிரிப்புத் துணி) மேல் ஏறலாம். கடைசியில் "அறமறவற்க அறமே துணை" என்று முடிக்கிறார்கள். இது வியாபாரிகள் தங்களுக்குள் செய்துகொண்ட துறைமுக ஏற்பாடு. படைபலத்தால் ஆண்டவர்கள் எழுதும் எழுத்து வேறு மாதிரி இருக்கும்.

இன்னொன்று, ஐந்நூற்றுவர் எல்லோரும் தமிழர் அல்லர். இந்தக் குழுவின் வேர் கர்நாடகத்து ஐஹொளே. தென்னிந்தியா முழுக்க, இலங்கையிலும்கூட இவர்கள் கல்வெட்டுகள் உண்டு.

கல் வெளியே தெரிய வந்தது 1873இல். 1932இல் நீலகண்ட சாஸ்திரி அதை விரிவாக எழுதினார். பிறகு எ. சுப்பராயலு மறுபடி படித்துத் திருத்தமான பாடம் கொடுத்தார். இப்போது கல் இருப்பது ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தில். நெய்தல்நிலவன், இதை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள். கல்லைப் பார்க்க வேண்டுமென்றால் ஜகார்த்தா, ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் பாருஸ். இரண்டுக்கும் நடுவே கடலும் மலையும் இருக்கின்றன.

மேடான்வாசி எழுதியது:

வணக்கம். நான் மேடானில் பிறந்து வளர்ந்தவன், பாருஸ் பக்கம் வேலையாகப் போய் வருகிறவன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் அமைப்பு. வட சுமத்ரா மாநிலம், அதில் தாப்பானுலி தெங்கா மாவட்டம், இந்தோனேசியர்கள் கபுபாத்தேன் என்பார்கள். தலைநகர் பாண்டான், சிபோல்கா நகரத்தை ஒட்டி இருக்கிறது. மாவட்டத்துக்குக் கீழே கெச்சமாத்தான், நம் கணக்கில் வட்டம். பாருஸ் அப்படி ஒரு கெச்சமாத்தான். ஆனால் வரலாற்றில் படிக்கிற பழைய பாருஸ் இன்றைய வட்டத்தைவிடப் பெரியது. அதைப் பிரித்துப் பிரித்து பாருஸ், பாருஸ் உத்தாரா, அண்டாம் டேவி, சோசோர்காடோங், சிராண்டோருங், மண்டுவாமாஸ் என்று ஆக்கிவிட்டார்கள். நீங்கள் தேடும் லோபு துவா இன்று பாருஸ் வட்டத்திலேயே இல்லை, அண்டாம் டேவியில் இருக்கிறது. பாப்பான் திங்கி குன்றுக் கல்லறை பாருஸ் உத்தாராவில். நேராக பாருஸ் சாமாத் அலுவலகத்தில் போய் லோபு துவா பற்றிக் கேட்டால் பக்கத்து வட்டத்துக்குக் கை காட்டுவார்கள். (சாமாத் என்பவர் வட்டத் தலைவர், மாவட்டத் தலைவர் நியமிப்பவர்.)

கடைத்தெரு இருக்கும் பாடாங் மாசியாங் நகரப் பகுதி. அதைச் சுற்றி கடலோரமாகவும் ஆயேக் சிராஹார் ஆற்றை ஒட்டியும் கிராமங்கள்: பாசார் தெராண்டாம், கம்போங் சோலோக், கெடாய் கெடாங், கம்போங் முடிக், சிகாம்போ காம்போ, கினாலி, ஊஜோங் பாத்து, புக்கிட் பாத்துபாங்கான். கடலோரத்தில் மீன்பிடி, சமவெளியில் நெல், மேட்டுக்கு ஏறினால் ரப்பரும் எண்ணெய்ப்பனையும்.

கடற்கரை ஆட்களின் பேச்சு பசிசிர். மினாங்கபாவ் சாயல் கொண்ட ஒரு மலாய். மலைப்பக்கம் போகப் போக தோபா பாத்தாக். கரையில் பெரும்பாலும் முஸ்லிம்கள், மேலே பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். கோடு போட்ட மாதிரிப் பிரிந்து கிடப்பதில்லை. ஒரே குடும்பப் பெயரில் இரண்டு மதத்தவரும் இருப்பார்கள், கல்யாணத்துக்கும் சாவுக்கும் இரண்டு பக்கமும் போவார்கள். சந்தை நாளில் அவரைக்காய்க்காரம்மா ஒரு வாடிக்கையாளரிடம் பசிசிரில் விலை சொல்லி, அடுத்தவரிடம் பாத்தாக்கில் பேரம் பேசி, என்னிடம் இந்தோனேசிய மொழியில் சில்லறை கேட்டார்.

சாப்பாடு என்றால் பாங்காங் பாச்சாக். மீனைக் குச்சியில் கோத்து மசாலா தடவித் தணலில் சுடுவது. விடாமல் சாப்பிடுங்கள்.

வரும் வழி: மேடானிலிருந்து தரைவழியாக ஒரு முழு நாள் வைத்துக்கொள்ளுங்கள். டோலோக்சங்குல், பக்காட் வழியாக மலையிலிருந்து கடலுக்கு இறங்கும் பாதை ஒன்று, சிபோல்காவிலிருந்து கரையோரமாக வருவது இன்னொன்று. விமானம் என்றால் பினாங்சோரியில் இறங்கி சிபோல்கா வழியாக வரலாம், அல்லது சிலாங்கிட்டில் இறங்கி டோலோக்சங்குல் வழியாக வரலாம். என்னைக் கேட்டால் மலைப்பாதைதான். கற்பூரமும் சாம்பிராணியும் நூற்றாண்டுக் கணக்கில் தோளிலும் தலையிலும் இறங்கி வந்த திசை அது. அதில் வந்தால்தான் இந்த இடத்தில் ஏன் ஒரு துறைமுகம் என்பது பிடிபடும்.

நாட்டுமருந்துக்கடை எழுதியது:

சரியான இடத்தில் தொட்டீர்கள் மேடான்வாசி. மூன்று தலைமுறையாக மருந்துச் சரக்கு விற்கிறோம், இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாம் கோவிலில் கொளுத்தும் சூடம் வேறு. அது சீன, ஜப்பான் பக்கத்து இன்னொரு மரத்திலிருந்து வந்தது, இப்போது பெரும்பாலும் ஆலையில் செய்வது. பாருஸ் சரக்கு பழைய பச்சைக் கற்பூரம். ஓங்கி வளரும் ஒரு காட்டு மரத்தின் உள்ளே, வெடிப்பிலும் பொந்திலும் வெள்ளைப் படிகமாகக் கட்டி நிற்கும். கொடுமை என்னவென்றால், எந்த மரத்தில் இருக்கிறது என்று வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. வெட்டிப் பிளந்தால்தான் தெரியும், பல மரங்களில் ஒன்றும் இருக்காது. விலை அப்படி ஏறியதற்குக் காரணம் இதுதான். இன்று காட்டில் அந்த மரம் அரிதாகிப் போனதற்கும் இதுவே ஒரு காரணம். பன்சூர் (பாருஸின் இன்னொரு பெயர்) கற்பூரம் பொன்னுக்குச் சம எடையாக விற்றது என்று மார்க்கோ போலோ சொல்வது இந்த ஊர்ச் சரக்கைத்தான்.

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் கற்பூர வகைகளை அடுக்கும்போது "வாறோசு" என்று ஒன்றைச் சேர்க்கிறார். கல்வெட்டில் வரும் வாரோசு இதுதான். நம் கடைத்தெருவில் ஊர்ப்பெயராலேயே சரக்கை அழைத்திருக்கிறார்கள்.

சாம்பிராணிக் கதை வேறு, அது இன்னும் உயிரோடு இருக்கிறது. மரத்தை வெட்ட வேண்டாம். பட்டையைச் சுரண்டி, குத்தி விட்டு, சில மாதம் கழித்து வடிந்து இறுகிய பிசினைப் பெயர்த்து எடுப்பார்கள். பாருஸுக்கு மேலே ஹும்பாங் ஹசுண்டுத்தான் மலைகளில் பாத்தாக் குடும்பங்கள் இன்றும் இதில் பிழைக்கின்றன. அந்தக் காட்டை மரக்கூழ்த் தோட்டத்துக்கு விடமாட்டோம் என்று பண்டுமாஆன், சிப்பிதுஹுதா ஊர்க்காரர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2016 டிசம்பர் இறுதியில் இந்தோனேசிய அதிபர் அந்த ஊர்க்காரர்களின் வழக்காற்றுக் காட்டுக்கு அங்கீகாரம் கொடுத்தார். நம் வீட்டுப் பூசையறைப் புகைக்குப் பின்னால் இப்படி ஒரு போராட்டம் இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

தேன்மொழி எழுதியது:

ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டிருக்கிறாரே, அதை யாரும் தொடவில்லை. பொதுச் சுகாதாரம் படித்தவள், சுமத்ராவில் கிராமச் சுகாதார வேலையில் இருந்திருக்கிறேன். அமைப்பு நாடு முழுக்க ஒன்றுதான் என்பதால் பாருஸுக்கும் பொருந்தும்.

வட்டத்துக்கு ஒன்று என்பது போல புஸ்கெஸ்மாஸ் இருக்கும். நம் ஆரம்பச் சுகாதார நிலையம் மாதிரி. டாக்டர், நர்ஸ், பல், மகப்பேறு. அதற்குக் கீழே துணை நிலையங்கள், கிராம மருத்துவச்சிகள். எல்லாவற்றுக்கும் அடியில், எனக்கு மிகவும் பிடித்தது, போஸ்யாண்டு. மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ ஊர்க் கூடத்திலோ நடக்கும். கூரைச் சட்டத்தில் தராசைக் கட்டித் தொங்கவிட்டு, துணித் தொட்டிலில் குழந்தையை உட்கார வைப்பார்கள். குழந்தை வீறிட்டு அழும். பக்கத்து மேசையில் ஒரு பெண் எடையைக் குறித்து, அட்டையில் புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு இழுப்பார். கோடு கீழே இறங்கினால் அம்மாவை அடுத்த மேசைக்கு அனுப்பி என்ன சாப்பாடு கொடுக்கிறாய் என்று விசாரிப்பார்கள். இதைச் செய்கிறவர்கள் அதே ஊர்ப் பெண்கள், தொண்டர்கள். பெரிதாகச் சம்பளம் கிடையாது. ஒரு வட்டத்தின் ஆரோக்கியத்தைத் தாங்குகிறவர்கள் இவர்கள்தான் என்பேன்.

சிக்கல் மேலே போகும்போது. புஸ்கெஸ்மாஸில் முடியாததை பாண்டானுக்கோ சிபோல்காவுக்கோ அனுப்ப வேண்டும். பாருஸிலிருந்து சிபோல்கா அறுபது கிலோமீட்டருக்கு மேல், வளைந்து வளைந்து போகும் கரையோரச் சாலை. பிரசவத்தில் இரத்தம் நிற்காத பெண்ணுக்கு அந்தத் தூரம்தான் எமன். 2014இல் தேசியக் காப்பீடு வந்த பிறகு பணத்துக்குப் பயந்து வீட்டிலேயே கிடப்பது குறைந்தது. ஆனால் காப்பீட்டு அட்டையால் சாலையைச் சுருக்க முடியாதே.

பள்ளி: 1973 முதல் சுஹார்த்தோ அரசு எண்ணெய் வருமானத்தில் சில ஆண்டுகளுக்குள் 61,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைக் கட்டியது. தீவுகளின் மூலை முடுக்கில் எல்லாம் தொடக்கப் பள்ளி வந்தது அந்த அலையில்தான். நோபல் வாங்கிய எஸ்தர் டுஃப்லோவின் புகழ்பெற்ற ஆய்வு ஒன்று இந்தத் திட்டத்தைப் பற்றியது. பாருஸ் போன்ற வட்டங்களில் மேல்நிலை வரை உள்ளூரிலேயே படித்துவிடலாம். கல்லூரி என்றதும் பிள்ளைகள் சிபோல்கா, மேடான், பாடாங் என்று கிளம்பிவிடுகிறார்கள்.

ஊராட்சிப் பணம் பற்றியும் ஒன்று. தேசா என்ற கிராம ஊராட்சியில் மக்கள் தேர்ந்தெடுக்கும் தலைவர் இருப்பார். கெலுராஹான் என்ற நகரப் பகுதியில் அரசு நியமிக்கும் அலுவலர் இருப்பார். 2014ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, 2015 முதல், ஒவ்வொரு தேசாவுக்கும் மத்திய அரசின் கிராம நிதி நேரடியாக வருகிறது. கெலுராஹானுக்கு அது கிடையாது. பல தேசா அலுவலக வாசலில் அந்த ஆண்டு வரவு செலவைப் பெரிய பேனராக மாட்டியிருப்பார்கள்: வாய்க்காலுக்கு இவ்வளவு, போஸ்யாண்டுவுக்கு இவ்வளவு என்று. நெய்தல்நிலவன், நீங்கள் போகும் கிராமத்தில் அந்த பேனர் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். ஊர் எதைப் பெரிதாக நினைக்கிறது என்று அதில் தெரியும்.

ராஜகேசரி எழுதியது:

கல்வெட்டுப்பித்தன் ஐயா, பட்டியலை நானே எடுத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடிதான். ஆனால் அவ்வளவு பேர் அங்கே இருந்திருக்கிறார்கள் என்றால் சந்ததி இருக்க வேண்டுமே? வட சுமத்ராவின் காரோ மக்களில் சோழியா, பாண்டியா என்றெல்லாம் குலப்பெயர் இருப்பதாகச் சொல்கிறார்கள். அது உண்மையா?

மேடான்வாசி எழுதியது:

உண்மைதான். காரோ மக்களின் செம்பிரிங் குலத்துக்குள் சோலியா, பாண்டியா, மெலியாலா, பிராமானா, பெலாவி என்று கிளைகள் உண்டு. மேடானுக்கு அருகே கோத்தா சீனா என்ற பழைய வணிகத் தலத்தில் தென்னிந்தியச் சாயல் கொண்ட கற்சிலைகளும் கிடைத்திருக்கின்றன. தொடர்பு இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் காரோ நிலம் கிழக்குப் பக்கம், பாருஸ் மேற்குக் கரை. பாருஸ் கல் நட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இவர்கள் என்று நேர்கோடு இழுக்கச் சான்று இல்லை. அண்ணா, இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். செம்பிரிங் நண்பர்கள் எனக்கு நிறையப் பேர். அவர்கள் தங்களைக் காரோ என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். முதல் சந்திப்பிலேயே "நீங்கள் தமிழர்" என்று போய் நிற்காதீர்கள்.

எங்கள் கதையும் தனி. மேடான் தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டில் புகையிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழி. மாரியம்மன் கோவில் 1884இல் எழுந்தது. ஐந்நூற்றுவருக்கும் எங்களுக்கும் நடுவே 800 ஆண்டு இடைவெளி.

லோபு துவாவில் இன்று நீங்கள் பார்க்கப் போவது தோட்டமும் கிராமமும்தான். கோட்டையோ கோவிலோ இருக்காது.

நெய்தல்நிலவன் எழுதியது:

இவ்வளவு வரும் என்று நினைக்கவே இல்லை, நன்றி. ஒரு சந்தேகம். பாருஸ்தான் இந்தோனேசியாவில் இஸ்லாம் முதலில் வந்த இடம் என்று ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறதாமே? அது சரியா? லோபு துவா எப்போது அழிந்தது?

கல்வெட்டுப்பித்தன் எழுதியது:

2017 மார்ச் 24 அன்று அதிபர் ஜோக்கோ விடோடோ திறந்து வைத்த சின்னம் அது. "நுசாந்தாரா (இந்தோனேசியத் தீவுக்கூட்டம்) இஸ்லாமின் பூஜ்யப் புள்ளி" என்று பெயர். அறிவித்ததுமே ஆச்சேக்காரர்களும் வரலாற்றாளர்களும் மறுத்தார்கள். ஆச்சேயில் உள்ள பாசாயில் சுல்தான் மாலிக் அஸ்ஸாலேயின் கல்லறை 1297ஆம் ஆண்டுக் குறிப்போடு நிற்கிறது. பாருஸ் கல்லறைகளுக்கு ஹிஜ்ரி முதல் நூற்றாண்டு வரை பழமை சொல்கிறார்கள், அதற்கு உறுதியான கல்லெழுத்துச் சான்று இல்லை. மேற்காசிய வணிகர்கள் வந்தார்கள் என்பது வேறு, ஊர் மதம் மாறியது என்பது வேறு. வணிகர்கள் வந்ததற்கு மண்ணுக்கடியில் சான்று நிறைய இருக்கிறது.

1995 முதல் பிரெஞ்சு, இந்தோனேசிய ஆய்வாளர்கள் குளோட் கியோ தலைமையில் லோபு துவாவைத் தோண்டினார்கள். 9ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 11ஆம் நூற்றாண்டு இறுதி வரை மக்கள் நெருக்கமாக இருந்த இடம். சீனப் பீங்கான், மேற்காசியக் கண்ணாடி, தென்னாசியப் பானை ஓடுகள் எல்லாம் கலந்து கிடந்தன. பிறகு அந்த இடம் கைவிடப்படுகிறது. "கெர்காசி" என்ற அரக்கர்கள் வந்து ஊரை அழித்தார்கள் என்று உள்ளூர்க் கதை. கல் நடப்பட்டது 1088 என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். அந்த வணிக ஏற்பாடு எழுதப்பட்டது ஊரின் கடைசிக் காலத்தில்! எனக்குத் தூக்கம் கெடுக்கும் விஷயம் இதுதான்.

துறைமுகம் சாகவில்லை, பக்கத்தில் புக்கிட் ஹாசாங்குக்கு நகர்ந்தது. 12 முதல் 17ஆம் நூற்றாண்டு வரை அங்கே வாழ்ந்ததற்குத் தடயம் உண்டு. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோமே பிரெஸ் என்ற போர்த்துகீசியர் பாருஸைப் பெருஞ்செல்வ நாடு என்கிறார். மலாய் மொழியின் பெரிய சூஃபிக் கவிஞர் ஹம்சா பன்சூரி தன் பெயரிலேயே இந்த ஊரை வைத்திருக்கிறார். ஒரே ஊருக்கு மலைப்பக்க அரசன் ஒருவன், கடல்பக்க அரசன் ஒருவன் என்று ஹுலு, ஹிலிர் இரட்டை ஆட்சியும் நடந்திருக்கிறது. 1668இல் டச்சுக் கம்பெனியோடு ஒப்பந்தம். பிற்காலத்தில் டச்சு நிர்வாகம் சிபோல்காவில் மையம் கொண்டதும் பாருஸ் ஓரத்துக்குப் போயிற்று. ஆனாலும் 1850களில் மொழியறிஞர் வான் டெர் டூக் பாருஸில் உட்கார்ந்துதான் பாத்தாக் இலக்கணத்துக்குச் சரக்கு சேர்த்தார். பாத்தாக் நாட்டின் பெரிய மிஷனரி நோம்மென்சன் 1862இல் முதலில் வந்து தங்கியதும் இங்கேதான்.

மஹ்லிகாய் கல்லறைத் தோட்டத்தை விட்டுவிடாதீர்கள். பாப்பான் திங்கிக்கு நூற்றுக்கணக்கான படிகள் உண்டு, காலையிலேயே ஏறிவிடுங்கள்.

ராஜகேசரி எழுதியது:

அப்படியென்றால் ஒரு யோசனை. அந்தக் கல் லோபு துவாவுக்குத் திரும்ப வேண்டும். குறைந்தபட்சம் ஒரு படியெடுப்பாவது, தமிழ் விளக்கப் பலகையோடு.

மேடான்வாசி எழுதியது:

படியெடுப்பு நல்ல யோசனை, நானும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் பலகையில் இந்தோனேசிய மொழி முதலில், பசிசிரும் பாத்தாக்கும் அடுத்து, தமிழ் அதற்கு அடுத்து. அந்த வழியாகத் தினமும் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் படிக்க வேண்டாமா? ஊராட்சித் தலைவரிடம் பேசாமல் நாம் இங்கிருந்து முடிவு செய்யவும் கூடாது. நிலம் அவர்களுடையது.

நெய்தல்நிலவன், சாலை பற்றி: 2025 நவம்பர் இறுதியில் வந்த புயல் மழையில் தாப்பானுலி தெங்காவும் சிபோல்காவும் வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் கடுமையாக அடிபட்டன. ஆண்டு இறுதி மழைக்காலத்தைத் தவிர்த்து வாருங்கள். கிளம்பும் முன் பக்காட் பாதை திறந்திருக்கிறதா என்று டோலோக்சங்குலில் வண்டிக்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேன்மொழி எழுதியது:

பலகைக்கு என் வாக்கும் உண்டு. அதோடு ஒரு வேண்டுகோள். தமிழர்கள் சேர்ந்து பணம் திரட்டுவதாக இருந்தால், லோபு துவா போஸ்யாண்டுவுக்கு என்ன தேவை என்று அங்குள்ள பெண்களிடமும் கேட்டுப் பாருங்கள். நல்ல தராசாக இருக்கலாம், உயரம் அளக்கும் பலகையாக இருக்கலாம்.

ராஜகேசரி எழுதியது:

சரி, இரண்டையும் சேர்த்தே செய்வோம். ஊராட்சித் தலைவருக்கு இந்தோனேசிய மொழியில் ஒரு கடிதம் எழுத வேண்டும். மேடான்வாசி, வரைவை நான் தமிழில் எழுதி அனுப்பினால் மொழிபெயர்த்துத் தர முடியுமா?

மேடான்வாசி எழுதியது:

அனுப்புங்கள். ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும்.